சாதாரண வருஷம்

விசுவாவசு, ஆனி 16, திங்கள் (ஜூன் 30)

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் மாதிரிக்கு அடித்தது. அட்டை கோணல் என்று கழித்துப் போட்டதை நான் எடுத்து வந்தேன். பாதி வருஷம் போய்விட்டது, மீதியையாவது எழுதுவோம். முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். பெயர்: ராஜகனி. தொழில்: காலண்டர் பிழை திருத்துதல். ஊர்: சிவகாசி. ரத்த வகை: தெரியாது.

இன்று 2026-இன் தினசரித் தாள்களில் பிப்ரவரி வரை முடித்தேன். ஓரிடத்தில் டைப் அடிக்கிற பையன் திருதியை அறுபத்தொரு நாழிகை என்று அடித்திருந்தான். ஒரு நாளுக்கே அறுபது நாழிகைதான். கூடுதலாக ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிஷம், இந்தப் பையனுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்ததோ. சிவப்பு மையால் சுழித்து அனுப்பினேன். இதெல்லாம் சின்ன விஷயம் என்பார்கள். ராகு காலம் ஒரு வரி மாறினால் பெண் பார்க்கக் கிளம்புகிற வீடெல்லாம் நம்மைத்தான் வையும். பதினாறு வருஷமாக என் கையிலிருந்து ஒரு தப்பும் வெளியே போனதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று புது ஆல்பத்துக்கு, அதாவது கடைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரிக் காலண்டர் தொகுப்புக்கு, பூஜை. முதலாளி குணசீலன் என் மேஜைக்கே வந்து, "அக்கா, இந்த வருஷம் கடக்காரங்க எல்லார் முன்னாடியும் ஒங்களுக்கு மரியாத செய்யப் போறோம். வெள்ளிக் குத்துவிளக்கு" என்றார். என்னத்துக்கு இதெல்லாம் என்று வாய் சொன்னது. மனசு குத்துவிளக்கை எங்கே வைப்பது என்று அப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆனி 18, புதன்

மத்தியானம் சாப்பிடும்போது பைண்டிங் பிரிவு சீனித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒத்தப்பனைப்பட்டிக்காரி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், இன்று டிபன் பாக்ஸையே திறக்கவில்லை.

"யக்கா, ஒங்களுக்கு இந்தத் தமிழ் வருசக் கணக்கெல்லாம் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாம வேற எவளுக்குடி தெரியும்?"

விஷயம் இதுதான். அவள் ஊரில் நாற்பத்திரண்டு வீடு, குடிக்க ஒரே கிணறு. அவர்களின் முன்னோர் தோண்டியது. போன தை மாதம் பக்கத்து நிலக்காரர், கிணறு தன் பட்டாவுக்குள் இருக்கிறது, 1936-இல் தன் தாத்தா வெட்டியது என்று சொல்லிக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார். கிணற்று வாயில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருந்ததாம். வேலி போட்டபோதே அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் உடைந்துபோச்சு என்கிறார்கள். இப்போது லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாள் ஒன்றரை மைல் நடந்து ரோட்டோரக் குழாய்க்குப் போகிறார்கள். ஆடி பதினைந்தாம் தேதி கோட்டாட்சியர் விசாரணை.

"கல்லுல எழுதியிருந்தது இந்தப் பொஸ்தகத்துல இருக்குக்கா. ஆனா வருசம் இல்லங்காக."

பையிலிருந்து எடுத்தாள். வட்டாரத்துக் கிணறுகளையும் ஊருணிகளையும் பற்றி, இறந்துபோன தலைமையாசிரியர் வேதமுத்து எழுதிய சின்னப் புத்தகம். 2009-இல் எங்கள் அச்சகத்திலேயே அடித்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில், "வாய்க்கல்லில், ஒரு சாதாரண வருஷத்தில் கார்த்திகை மாதம் 9 தேதி வியாழக்கிழமை தோண்டி முடித்ததாக எழுதியுள்ளது" என்று இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாதாரண என்பது வருஷத்தின் பெயர்! பிரபவ, விபவ என்று எண்ணிக்கொண்டே வந்தால் நாற்பத்து நாலாவது. அது தெரியாத எந்த மடச் சாம்பிராணியோ, ஏதோ ஒரு சாதாரணமான வருஷம் என்று நினைத்து முன்னால் ஒரு "ஒரு"வைச் செருகியிருக்கிறது. வருஷம் காணாமல் போய்விட்டது. கத்திச் சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். சீனித்தாய் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

2009-இல் அச்சகத்தில் புத்தக வேலை யார் பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தலைவலி. படுக்கிறேன்.

ஆனி 21, சனி

கணக்கு முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொள்கிறேன், வேறு யார் மெச்சப் போகிறார்கள்.

அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை பெயர் திரும்பி வரும். அதுதான் இந்த முறையில் உள்ள சிக்கல். சாதாரண வருஷம் 1850-இலும் வந்தது, 1910-இலும் வந்தது, 1970-இலும் வந்தது. 1970 என்று வந்தால் நிலக்காரர் பிழைத்தார். 1910 என்று நிரூபித்தால் அவர் தாத்தா 1936-இல் வெட்டினார் என்பது பொய்.

பிரித்துக் காட்ட ஒரே வழி கிழமை. கல் வெட்டியவன் புண்ணியவான், வியாழன் என்று எழுதிவைத்துப் போயிருக்கிறான். அச்சகத்திலுள்ள பழைய பஞ்சாங்கத் தொகுப்பில் பார்த்தேன். 1970-இலும் 1910-இலும் கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16. ஆகவே கார்த்திகை 9 என்பது நவம்பர் 24. அது 1970-இல் செவ்வாய். அங்கிருந்து அறுபது வருஷம் பின்னால் போகவேண்டும். வருஷத்துக்கு ஒரு கிழமை நகரும், அறுபது. நடுவில் பிப்ரவரி 29 பதினைந்து தடவை வந்தது. ஆக எழுபத்தைந்து. ஏழேழாகக் கழித்தால் மிச்சம் ஐந்து. செவ்வாயிலிருந்து ஐந்து பின்னால் எண்ணினேன்: திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன். வியாழன்! சட்டியில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது, எழுந்திருக்கவில்லை. 1850-ஐயும் விடவில்லை. அந்த வருஷம் கார்த்திகை 9 வெள்ளிக்கிழமை. மூன்றில் ஒன்றுதான் வியாழன். கிணறு தோண்டி முடித்தது 1910 நவம்பர் 24.

ஒரு வேடிக்கையும் கண்டேன். நான் 1971 ஜனவரியில் பிறந்தவள். அப்படியென்றால் நான் பிறந்ததும் சாதாரண வருஷம்தான். எனக்கு யாரும் ஜாதகம் எழுதவில்லை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒன்னப் பாத்தா அப்படித் தெரியலயே" என்று தீய்ந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆனி 22, ஞாயிறு

வீடு ஒதுங்க வைத்தேன். பரண் மட்டும் பாக்கி. ஏணி இல்லை.

ஆனி 27, வெள்ளி

சீனித்தாய் என் கணக்குத் தாளை அவர்கள் ஊர் சார்பாக மனு எழுதுகிறவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் நல்லாத்தான் இருக்கு என்றாராம். ஆனால் கல்லில் சாதாரண வருஷம் என்று இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார். கல் இல்லை. வாத்தியார் இல்லை. அவர் மகன் காகிதமெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டான். கையில் இருப்பது புத்தகம், அதில் "ஒரு சாதாரண வருஷத்தில்" என்றுதான் இருக்கிறது. எதிராளியும் அதே பக்கத்தைத்தான் நகல் எடுத்து வைத்திருக்கிறாராம்.

"நம்ம அச்சாபீசுல பழைய புரூப் எதும் கெடக்குமாக்கா?"

"இருக்காது" என்றேன்.

அச்சகத்தில் இருக்காது என்பது உண்மைதான். மூன்று வருஷத்துக்கு மேல் திருத்திய தாள் எதையும் வைக்கமாட்டார்கள்.

ஆடி 1, வியாழன் (ஜூலை 17)

பூஜை அழைப்பிதழ் புரூஃப் என்னிடமே வந்தது. "பிழையே இல்லாத பதினாறு ஆண்டுகள்: திருமதி ராஜகனி அவர்களுக்குப் பாராட்டு." என் பெயரை நானே மூன்று தடவை பார்த்தேன். ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. அச்சுக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சீனித்தாய் இன்று தாமதம். தண்ணீர் தூக்கி வந்ததில் கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஆனாலும் எல்லோரிடமும், "எங்கக்கா கணக்குப் போட்டா கலெக்டரே கையெடுத்துக் கும்புடணும்" என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஆடி 4, ஞாயிறு

இவரே பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி வந்துவிட்டார். பதினைந்து நாளாகப் பரணையே அண்ணாந்து பார்க்கிறாயே, அப்படி என்ன இருக்கிறது என்றார். தகரப் பெட்டியை இறக்கினோம். ஒரே தூசி.

எழுத ஒன்றுமில்லை.

ஆடி 8, வியாழன். ஆடி அமாவாசை

அச்சகம் விடுமுறை. விரதம். வடை மொறுமொறுப்பாக வந்தது.

ஆடி 10, சனி

எழுதிவிடுகிறேன். டைரியிலும் பொய் சொன்னால் பிறகு எங்கேதான் உண்மையைச் சொல்வது.

அந்த "ஒரு" நான் போட்டது.

அதற்கு முன்பு பட்டாசு லேபிள் திருத்திக்கொண்டிருந்த நான் 2009-இல் இந்த அச்சகத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்த வருஷப் பெயர் அந்த வருஷம் நடந்த விரோதி ஒன்றுதான். முதன்முதலாக ஒரு முழுப் புத்தகம் கொடுத்தார்கள். திருத்திய புரூஃபை ஞாபகத்துக்காக வீட்டுக்குக் கொண்டு வந்து பெட்டியில் பூட்டி வைத்தேன். சீனித்தாய் புத்தகத்தை நீட்டிய அன்று சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் தலைவலி.

நாற்பத்தேழாம் பக்கம். அச்சில் தெளிவாக இருக்கிறது: "சாதாரண வருஷம் கார்த்திகை மாதம் 9 தேதி வியாழக்கிழமை." முன்னால் சிவப்பு மையில் "ஒரு". "வருஷம்" என்பதை அடித்து "வருஷத்தில்". ஓரத்தில் "வாக்கியம் சரியில்லை" என்று குறிப்பு வேறு. கீழே அச்சக முத்திரை, தேதி, என் கையெழுத்து. எவ்வளவு அழகான கையெழுத்து.

இன்னொன்றும் இருக்கிறது. புத்தகம் வந்த வாரத்தில் வேதமுத்து வாத்தியார் ஒரு பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒரு சின்ன விஷயம்மா" என்று ஆரம்பித்தார். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "எல்லாம் ரெண்டு தடவ பாத்தாச்சு ஐயா, சரியாத்தான் இருக்கு" என்றேன். சரிம்மா என்று போய்விட்டார். வயதானவர்கள் இப்படித்தான் நொய் நொய் என்பார்கள் என்று அன்றைக்குப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். இதை எழுதும்போது முகமெல்லாம் எரிகிறது.

ஆடி 13, செவ்வாய்

சீனித்தாயிடம் காட்டினேன். பெரிய முன்னுரையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். தாளை மட்டும் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "இது ஒங்க கையெழுத்துல்லக்கா?"

"எங்கையெழுத்துதான்."

"அன்னிக்கு மடச் சாம்பிராணின்னு..."

"அதுவும் நாந்தான்."

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"நீ கேட்ட அன்னையிலருந்து."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய் மிஷினுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். விந்தி விந்திப் போனாள். சாயங்காலம் மணி அடித்த பிறகு வந்தாள். முகத்தைப் பார்க்காமல், "நாளக்கழிச்சு பத்து மணிக்கு. வருவீகள்ல?" என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்றேன்.

ஆடி 14, புதன்

விடுப்பு கேட்க முதலாளியிடம் போனேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை.

"அக்கா, அழைப்பிதழ் எண்ணூறு பேருக்குப் போயாச்சு. விசாரணைல நீங்க எந்திரிச்சு, தப்பு பண்ணுனேன்னா, அன்னிக்கே ஊரெல்லாம் தெரியும். காலண்டர்க்காரனுக்கு நம்பிக்கைதானக்கா சரக்கு. வாய்தா வாங்கச் சொல்லுங்க. ஆடிப் பதினெட்டு கழியட்டும். நாலு நாள்தான."

"அவுக ஏழு மாசமா தண்ணி சொமக்காக மொதலாளி."

"நாலு நாள்ல என்னாயிரும்?"

நியாயமாகத்தான் பேசினார். என்னையும் தொட்டது, மறைக்கமாட்டேன். குத்துவிளக்கு கண்ணுக்கு முன்னால் நின்றது. வாய்தா ஒரு தடவை வாங்கினால் அடுத்த தேதி எப்போது வரும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆடி 15, வியாழன் (ஜூலை 31)

இப்போதுதான் வந்தேன். உடனே எழுதிவிட வேண்டும்.

கோட்டாட்சியர் ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். ஒத்தப்பனைப்பட்டியே வந்து நின்றது. நிலக்காரரின் வக்கீல் நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்துக் காட்டினார். "அவங்க கொண்டுவந்த புத்தகமே 'ஒரு சாதாரண வருஷத்தில்'னு சொல்லுது மேடம். எந்த வருஷம்னு எழுதுனவருக்கே தெரியல" என்று சிரித்தார்.

நான் எழுந்தேன். பையிலிருந்து புரூஃபை எடுத்தேன்.

"அம்மா, அது எழுதுனவர் தப்பில்ல. அந்த 'ஒரு'வச் சேத்தது நாந்தான். வருஷத்தோட பேருன்னு அப்ப எனக்குத் தெரியல." புரூஃபை மேஜையில் வைத்தேன்.

கோட்டாட்சியர் தாளைப் புரட்டினார். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஒரு வெள்ளைத் தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டார். "இதச் சொல்றதால உங்களுக்குச் சிக்கல் ஒண்ணும் இல்லையா?"

"இருக்கும்மா."

வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. "சரி, வருஷப் பேருன்னே வச்சுக்குவோம். சாதாரண வருஷம் 1970-லயும் வருதுல்ல? அப்ப கிணத்த தூர்வாரி கல்லு நட்டிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது. "1970-ல கார்த்திகை ஒம்பது செவ்வாக்கெழம சார். கல்லுல வியாழக்கெழம. ஒங்க புத்தகத்துலயும் வியாழக்கெழமதான் இருக்கு, அத நான் திருத்தல." அறுபதையும் பதினைந்தையும் கூட்டி, ஏழேழாகக் கழித்து, விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். கோட்டாட்சியர் தன் ஃபோனை எடுத்து 1910 நவம்பரைத் தட்டிப் பார்த்தார். நான் காத்திருந்தேன். எனக்குப் பயமில்லை.

"வியாழக்கிழமை" என்றார்.

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். போலீஸ்காரர் அதட்டினார்.

பூட்டை நாளைக்கே எடுக்க வேண்டும், எழுத்தில் உத்தரவு திங்கட்கிழமை வரும் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் சீனித்தாய் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க கெடுத்தத நீங்களே சரி பண்ணிட்டீக, அம்புட்டுதான். பெருசா நெனச்சுக்காதீக" என்று காதருகே சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஆடி 18, ஞாயிறு

பூஜை நடந்தது. ஆல்பம் நன்றாக வந்திருக்கிறது. பாராட்டு நேரத்தில் முதலாளி என் பெயரைச் சொல்லவில்லை, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அழைப்பிதழைக் கையில் வைத்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வலிக்கவில்லை என்று எழுதப் போவதில்லை. வலித்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், முகம் கழுவினேன், ரசம் வைத்தேன். நாளைக்கு ஜூன் மாதத் தாள்கள் காத்திருக்கின்றன. வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அறுபத்தொரு நாழிகையை எவன் கண்டுபிடிப்பான்?

ஆடி 25, ஞாயிறு (ஆகஸ்ட் 10)

ஒத்தப்பனைப்பட்டிக்குப் போனேன். வேலி இல்லை, கிணற்றில் நாலு வாளி ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு குடித்தேன். கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. அவர்களிடம் சொல்லவில்லை.

காணாமல் போன கல்லுக்குப் பதிலாகப் புதுக் கல் நடப் போகிறார்கள். வாசகத்தை எழுதி என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். சிவப்புப் பேனா பையிலேயே இருந்தது.

"சாதாரண வருஷம் (1910) கார்த்திகை மாதம் 9 தேதி வியாழக்கிழமை ஊரார் தோண்டியது. விசுவாவசு வருஷம் (2025) ஆடி மாதம் 15 தேதி வியாழக்கிழமை மீண்டது."

ஆங்கில வருஷத்தை நான்தான் சேர்க்கச் சொன்னேன். இன்னும் அறுபது வருஷம் கழித்து யாரும் என்னைத் தேடிக்கொண்டு வர முடியாது. மற்றபடி பிழை இல்லை. ஆனால் கீழே இன்னொரு வரி இருந்தது. சீனித்தாயின் கையெழுத்து, கோழிக் கிறுக்கல்.

"பிழை திருத்தியவர்: ராஜகனி."

வருஷத்துக்குப் பல லட்சம் காலண்டர் என் கையைத் தாண்டிப் போகிறது. அதில் ஒன்றில்கூட என் பெயர் வந்ததில்லை, பிழை திருத்துகிறவள் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். ஊர் மொத்தமும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏக்கா, எழுத்து எதும் தப்பா இருக்கா?" என்றாள் சீனித்தாய்.

ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை பார்த்தேன்.

"இல்ல. சரியாத்தான் இருக்கு. அப்படியே வெட்டச் சொல்லு" என்றேன்.